ஜெனிட்டா இறங்காத முப்பத்து நான்கு நாட்கள்

ஜெனிட்டா ஐந்து மீட்டர் மேடையிலிருந்து குதித்துப் பாதி வழியில் அந்தரத்தில் நின்றுபோன சனிக்கிழமையைப் பற்றிச் சங்குமுனையில் யாரைக் கேட்டாலும், அன்றைக்குப் பிரியாணி சரியாக ஒரு மணிக்கு வந்துசேர்ந்ததைத்தான் முதலில் சொல்வார்கள். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, ஏனென்றால் எங்கள் மாவட்ட நீச்சல் சங்கத்தின் போட்டிகளில் நேரத்துக்கு நடக்கிற ஒரே காரியம் அதுதான், மற்றதெல்லாம் அதை ஒட்டியே முன்னே பின்னே நகர்த்தி வைக்கப்படும்.

நகராட்சி நீச்சல் குளத்துச் சுவரில் ஐந்து வளையம் வரைந்து, பக்கத்தில் 'ஒலிம்பிக் முறைப்படி' என்று எழுதி வைத்திருந்தார்கள். பொய் இல்லை. ஐந்து நடுவர்கள், ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், கூடின மார்க் ஒன்றையும் குறைந்த மார்க் ஒன்றையும் அடித்துவிட்டு நடுவில் இருக்கிற மூன்றைக் கூட்டுவது, எல்லாம் சுத்தமான ஒலிம்பிக் முறைதான். ஆளுக்கு ஒரே குதி என்பது மட்டும் எங்கள் சொந்த ஏற்பாடு. அதற்கு மேல் வைத்தால் பிரியாணி ஆறிவிடும். சுவரில் எழுதாத இன்னொரு முறையும் இருந்தது. நடுவர்கள் காலையில் வந்து உட்கார்ந்ததும் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, இந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், யாரிடம் பழகியது, அப்பன் யார், போன வருஷம் எத்தனையாவது வந்தது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டே பென்சிலால் உத்தேச மார்க் போட்டுவிடுவார்கள், பிள்ளை குதித்து முடித்ததும் அந்தப் பென்சிலின் மேலேயே பேனாவை ஓட்டுவார்கள், என்றைக்காவது ஒருத்தன் வழுக்கி வயிறடிக்க விழுந்தால் ரப்பரைத் தேடி எடுத்து அழித்து அரை மார்க் குறைப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். இதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. தெரிந்த பிள்ளைகள்தானே, தெரிந்த குதிதானே.

அன்றைக்குப் பட்டியலில் கடைசிப் பெயர் ஜெனிட்டா. இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கும் பிலோமியின் மகள், பதினேழு வயசு, துறைமுகத்துப் பழைய பாலத்திலிருந்து குதித்துக் குதித்தே குதிக்கக் கற்றவள். மாநிலப் போட்டிக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து ஒரே ஓர் இடம். அது கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, கிடைக்காவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்து மேசையில் நின்று இறால் தலை கிள்ளவேண்டியது, வயசு வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது, அடுத்த தடவை என்பது கிடையாது. அவளுக்கு முன்னால் குதித்தவள் வர்ஷினி. சங்கச் செயலாளர் சண்முகராஜின் அண்ணன் மகள். பென்சிலிலும் எட்டு, பேனாவிலும் எட்டு.

ஜெனிட்டா ஏணியில் கால் வைத்த நேரத்தில் வாசலில் அண்டா வந்து இறங்கியது, மூடியைத் திறந்தார்கள், வாசனை குளத்தைச் சுற்றி வந்தது. அவள் மேடை நுனிக்கு வந்து நிற்பதற்குள் ஐந்து நடுவர்களும் நாலு, நாலரை என்று பென்சில் மேல் பேனாவை ஓட்டி, கூட்டி, கையெழுத்துப் போட, சண்முகராஜ் அதைப் போனில் படமெடுத்து மாநிலச் சங்கத்துக்கு அனுப்பியும் விட்டார். அவள் குதித்தாள். ஒன்றரைச் சுற்று சுற்றினாள். அதற்குப் பிறகு விழ வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

இடுப்பில் மடிந்து, கைகளால் கெண்டைக்காலைக் கட்டிக்கொண்டு, தண்ணீருக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், கொடியில் போட்ட துண்டு மாதிரி நின்றாள். சாப்பிட எழுந்த நடுவர்களில் பின்தங்கியவர் கோயில்பிள்ளை, நடுநிலைப் பள்ளி ஆசிரியர், அவர்தான் பார்த்தார்.

"சார், அந்தப் பிள்ளை இன்னும் கீழ வரல."

"வரும் வே. வராம எங்க போவும்" என்றார் தலைமை நடுவர் சிதம்பரதாணு சார், கையைத் துடைத்துக்கொண்டு. அவர் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர், விசில் ஊதியதும் உலகம் வரிசையில் நிற்கும் என்று நாற்பது வருஷம் நம்பியவர்.

சாப்பிட்டு வெற்றிலை போட்டு வந்து பார்த்தபோதும் அவள் வந்திருக்கவில்லை.

"ஏட்டி, என்ன விளையாட்டு இது? இறங்கு."

"எனக்கு எத்தன மார்க் சார் போட்டிய?" முழங்காலுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"நாலரை" என்றார் சார், பழக்க தோஷத்தில்.

"நான் இன்னும் குதிச்சே முடிக்கலையே சார். அதுக்குள்ள எப்படி நாலரை?"

ஐந்து பேரும் தாள்களை மடித்துப் பையில் வைத்தார்கள். விதிப் புத்தகத்தில் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

தீயணைப்புக்காரர்கள் வலையோடு வந்து ஆறு பேராகக் கயிறு போட்டு இழுத்தார்கள். கூசுது அண்ணே, விடுங்க என்றாள், விட்டுவிட்டார்கள். மின்வாரியத்திலிருந்து வந்தவர் அவள் எந்தக் கம்பியையும் தொடவில்லை என்று உறுதி செய்து, இது தங்கள் இலாகா இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நகராட்சி ஒரு போர்டு வைத்தது: 'மேலே ஆள் இருப்பதால் ஆழமான பக்கம் யாரும் நீந்தக் கூடாது.' திங்கட்கிழமை காலை சின்னப் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு வழக்கம்போல ஆழம் குறைந்த பக்கத்தில் நடந்தது, பிள்ளைகள் மல்லாந்து மிதக்கும்போது அவளுக்குக் கை காட்டினார்கள், அவளுடைய கை கெண்டைக்காலைக் கட்டியிருந்ததால் கால் விரலை ஆட்டினாள், இரண்டு நாளில் அதுவும் பழகிவிட்டது.

பிலோமி மட்டும் பழகவில்லை. மேடையிலிருந்து மூங்கிலை நீட்டி வெயிலுக்குக் குடை கட்டினாள். தொரட்டிக் கம்பின் நுனியில் தூக்குச்சட்டி மூடியைக் கட்டி, மீன்குழம்புச் சோற்றை உருட்டி வைத்து, மகளின் வாய்வரை நீட்டினாள். ஊட்டுகிற நேரமெல்லாம் திட்டினாள்.

"கம்பெனிக்கு லீவு சொல்லிட்டு வந்து உனக்கு ஊட்டிக்கிட்டு நிக்கேன். பெரிய இவ மாதிரி ஞாயம் கேக்குத. பேசாம விழுந்து தொலைட்டி."

"நான் எங்கம்மா பிடிச்சுக்கிட்டு நிக்கேன்? விழ மாட்டேங்குது."

"மாட்டேங்குதாம். பாலத்துல இருந்து குதிக்காதன்னு தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேன், அப்ப மட்டும் விழுந்துச்சே."

புகார் எழுதிக்கொண்டு சங்கத்துக்குப் போனாள். சண்முகராஜ் அவளை உட்காரவைத்து, மின்விசிறியைப் போட்டு, மோர் வரவழைத்துக் கொடுத்து, விதியை வாசித்துக் காட்டினார். போட்டி முடிந்த அரை மணி நேரத்துக்குள் புகார் தரவேண்டும்.

"சரி, இந்தாங்க."

"ஆனா போட்டி முடியலையே அக்கா. உடம்பு முழுசா தண்ணிக்குள்ள போனாத்தான் குதி முடிஞ்சதா அர்த்தம். முடியாத போட்டிக்கு எப்படிப் புகார் வாங்க?"

"முடியாத போட்டிக்கு மார்க் மட்டும் போடலாமாக்கும்?"

"அது நடுவர்கள் விஷயம். அதுல சங்கம் தலையிடக் கூடாது. விதி."

பிலோமி மோரைக் குடிக்காமல் வந்துவிட்டாள். அந்த மோரைப் பற்றி இன்றைக்கும் கேட்டால் கெட்ட வார்த்தை வரும்.

இதற்குள் ஊருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. குளத்தின் கிழக்கு மேடையில் உட்கார்ந்து பார்த்தால் ஜெனிட்டாவின் முழங்கால் லேசாக மடங்கியிருப்பதாகத் தெரியும்; மேற்கு மேடையிலிருந்து பார்த்தால் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருக்கும். கிழக்கே உட்கார்ந்தவர்கள் ஐந்தரை என்றார்கள், மேற்கே உட்கார்ந்தவர்கள் எட்டு என்றார்கள், இடம் மாறி உட்கார்ந்து பார்க்கலாமே என்று சொன்ன தபால்காரரை இரண்டு பக்கமும் சேர்ந்து விரட்டினார்கள். சம்பந்தம் பேசப் போகிற இடத்தில், பெண் வீட்டார் கிழக்கா மேற்கா என்று விசாரித்துவிட்டுத்தான் காப்பியைக் கையில் வாங்கினார்கள். மார்க் போடுகிற பழக்கம் தொற்றிக்கொண்டு, டீக்கு ஆறரை, சுண்டலுக்கு ஏழு, பாதிரியாரின் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு ஐந்து, அதிலும் நீளத்துக்காக அரை மார்க் கழிவு என்று ஆகி, கடைசியில் புருஷன்மார்களுக்கும் மாமியார்களுக்கும் மார்க் விழ ஆரம்பித்தபோது, எத்தனையோ வீடுகளில் அவரவர் மார்க் கல்யாணத்தன்றே பென்சிலால் போடப்பட்டு இத்தனை வருஷமாக மேலே பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது தெரியவந்து, சிலர் நாட்கணக்கில் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

"ஒலிம்பிக்ஸ்லயே இதான் வே நடக்கு" என்றார் குளத்து வாசலில் டீக்கடை வைத்திருந்த பால்துரை அண்ணாச்சி. "ஓட்டத்துல கோட்டைத் தொட்டவன் ஜெயிச்சான். எறியுததுல தூரமாப் போனது ஜெயிச்சுது. இதுல நாலு பேரு மனசைத் தொடணும். எவன் மனசு எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப இந்த மாதிரி விளையாட்டே வேண்டாங்கியளா?" என்று கேட்டோம்.

"வேண்டாம்னு எங்க சொன்னேன்? பாக்க நல்லாத்தான இருக்கு. மார்க்குதான் வயித்தெரிச்சல்."

பன்னிரண்டாம் நாள் சண்முகராஜ் ஒரு முடிவோடு வந்தார். நல்ல மனுஷர்தான் என்று சொல்லவேண்டும், அல்லது பத்திரிகைக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள் என்று சொல்லவேண்டும், இரண்டில் எது என்பதற்கும் ஊரில் இரண்டு கட்சி உண்டு. புதுத் தாளில் ஐந்து நடுவர்களையும் ஒன்பது ஒன்பதாகப் போடவைத்துத் தூக்கிக் காட்டினார்.

"பாரும்மா, ஒம்பது. நீதான் முதல். மாநிலத்துக்கு நீதான் போற. இப்ப இறங்கி வா."

ஜெனிட்டா இறங்கவில்லை. மெதுவாக, ஒரு முழம் மேலே ஏறினாள். குடையில் இடுப்பு இடித்தது.

"இப்பவும் நான் குதிக்கலையே அண்ணாச்சி" என்றாள். குரலில் அழுகை இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளில் அவள் அழுதது அப்போதுதான். "அந்த ஒம்பதை அழிங்க. எனக்கு மூச்சு முட்டுது."

ஒன்பதை எட்டரையாக்கிப் பார்த்தார்கள், ஏழாக்கிப் பார்த்தார்கள், சிதம்பரதாணு சார் கோபத்தில் பூஜ்யம் போட்டும் பார்த்தார். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு முழமாக, மேடைக்கும் மேலே ஏறிப்போனாளே தவிர இறங்கவில்லை. மூங்கிலை நீளமாக்க வேண்டியிருந்தது, தொரட்டியோடு இன்னொரு தொரட்டியைச் சேர்த்துக் கட்டவேண்டியிருந்தது. தாளை வெறுமையாக விடுங்கள் என்று பிலோமி கத்தினாள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடச் சொல்கிறாயா, எங்களை என்ன நினைத்தாய் என்று நடுவர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள். எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். பார்க்காமல் மார்க் போடக் கூசாத கை, பார்ப்பதற்காகத் தாளைக் காலியாக வைத்திருக்கக் கூசியது.

கோயில்பிள்ளை மட்டும் தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் வந்து தன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சொன்னார்.

"எனக்குப் பாக்கத் தெரியலம்மா. பிள்ளைங்க ஒரு சுத்து சுத்துததுக்குள்ள என் கண்ணு பள்ளிக்கூடப் பேருக்குப் போயிருது. அங்க இருந்து அப்பன் பேருக்குப் போயிருது. திரும்பி வாரதுக்குள்ள தண்ணிதான் தெறிச்சுக்கிட்டு இருக்கு."

"பழைய பாலத்துக்குப் போங்க சார். அங்க குதிக்க பயலுவளுக்குப் பேரே கிடையாது, பட்டப்பேருதான்."

அவர் போனார். சாயங்காலந்தோறும் மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கடலுக்குள் விழுகிற உடம்புகளைப் பார்த்தார். முதல் வாரம் ஒன்றும் பிடிபடவில்லை என்றார். பிறகு குதிகால் தெரிகிறது என்றார். அதற்குப் பிறகு, மேலே ஏறுகிறபோதே தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறது என்றார். வாத்தியாருக்கு மறை கழன்றுவிட்டது என்று பேசிக்கொண்டோம்.

மாநிலப் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது வர்ஷினி வந்தாள். மேடை ஏறி, நுனியில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, நெட்டுக்கு அண்ணாந்து ஜெனிட்டாவைப் பார்த்தாள். இத்தனை நாளும் சாப்பிடாதவள் போல இருந்தாள்.

"உன்னால என் உசுரு போவுது" என்றாள். "எங்க போனாலும் உன்னைத்தான் கேக்காவ."

"நீதான எட்டு வாங்கினவ. பொறவு என்ன?"

"எட்டா அது? சொல்லு. நீ ஏணிக்குக் கீழதான நின்ன, பாத்தல்லா."

ஜெனிட்டா கால் விரலை ஆட்டினாள். "எட்டு இல்ல. ஆனா நல்லாத்தான் குதிச்ச."

"நல்லான்னா எவ்ளவு?"

"நான் என்ன ஜட்ஜா? நானே மாட்டிக்கிட்டுக் கெடக்கேன்."

வர்ஷினி இறங்கி நேரே சங்கத்துக்குப் போய், மாநிலப் போட்டி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சண்முகராஜ் கெஞ்சினார், மிரட்டினார், அண்ணனுக்குப் போன் போட்டார்.

"மாவட்டத்துல இருந்து ஆளே போகலன்னா சங்கத்துக்குக் கேவலம்ட்டி."

"போகாம இருக்கட்டும் சித்தப்பா. நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் பேரு மாத்தலாம்னு நீங்கதான சொன்னிய. அவ குதிக்கட்டும். பொறவு நானும் திரும்பக் குதிக்கேன். அதுல யாரு வாராளோ அவ போகட்டும்."

முப்பத்து நான்காம் நாள், வியாழக்கிழமை மூன்று மணிக்கு, ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகளிலும் ஐந்து நடுவர்கள் உட்கார்ந்தார்கள். பழைய தாள்களை எல்லாம் கிழித்தாயிற்று. புதுத் தாள்கள் வெறுமையாக இருந்தன. பென்சில்களையும் பேனாக்களையும் பிலோமி வாங்கித் தூக்குச்சட்டிக்குள் போட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டாள். கிழக்கு மேடை நிரம்பியது, மேற்கு மேடை நிரம்பியது, டீக்கடை அடைத்திருந்தது, தீயணைப்புக்காரர்களும் வந்து ஓரமாக நின்றார்கள். சிதம்பரதாணு சார் விசில் ஊதினார்.

அவள் விழவில்லை.

மறுபடி ஊதினார்.

"யாரோ மனசுக்குள்ள போட்டு வச்சிருக்கிய சார்" என்றாள் ஜெனிட்டா, மேலேயிருந்து.

நடுவர்கள் நெளிந்தார்கள். சிதம்பரதாணு சார் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஆறரைன்னு சும்மா ஒரு நெனப்பு வந்துச்சு. நெனைக்கக் கூடவா கூடாது?"

நினைக்காமல் இருக்க முயன்றார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. மார்க்கை நினைக்கக் கூடாது என்று நினைக்கிற ஐந்து பேரின் தலைக்குள்ளும் அரையும் காலும் முக்காலும் ஈ மாதிரி மொய்த்தன. மூன்றரை ஆயிற்று, நான்கு ஆயிற்று, கூட்டம் முனக ஆரம்பித்தது. சண்முகராஜ் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கோயில்பிள்ளைதான், மார்க்கை விடுங்க சார், என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க என்றார்.

"என்ன தெரியும்? பிள்ளை தெரியுது."

"பிள்ளைகிட்ட என்ன தெரியுது?"

"தலையில நீல ரப்பர் பேண்டு" என்றார் சார், வேண்டாவெறுப்பாக. "இடது குதிகால்ல ஒரு தழும்பு."

"சிப்பி கிழிச்சது" என்றாள் பிலோமி.

"நாடி நெஞ்சோட ஒட்டியிருக்கு" என்றார் இன்னொரு நடுவர். "முழங்கால் நேராத்தான் இருக்கு." கிழக்கு மேடையில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. "மூச்சு விடுதா. விலா ஏறி இறங்குது." "பெருவிரல் கொஞ்சம் நடுங்குது." "காதுல கம்மல் இல்ல, குச்சி வச்சிருக்கா." ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்து, போட்டி போட்டுக்கொண்டு, மணலில் சோழி பொறுக்குகிற பிள்ளைகள் மாதிரி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டே போனார்கள், அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, யாரும் விசில் ஊதாமலே, அவள் மீதி இருந்த ஒரு சுற்றைச் சுற்றி, மடிப்பைப் பிரித்து, நீண்டு, தண்ணீருக்குள் போனாள்.

கொஞ்சம் தெறித்தது. கொஞ்சம்தான், ஆனால் தெறித்தது.

அவள் தலை வெளியே வந்ததும் எழுந்த சத்தத்தில் காக்கைகள் எல்லாம் துறைமுகத்துப் பக்கம் பறந்தன. பிலோமி புடவையோடு தண்ணீரில் இறங்கிவிட்டாள். தூக்குச்சட்டியை யாரோ திறந்து பேனாக்களைக் கொடுத்தார்கள். ஆறு, ஐந்தரை, ஆறு, ஆறரை, ஆறு. மேலேயும் கீழேயும் அடித்துக் கூட்டினால் பதினெட்டு.

பிறகு வர்ஷினி ஏறினாள். தாள்கள் வெறுமையாக இருந்தன. அவள் நிற்கவில்லை, குதித்தாள், சுற்றினாள், விழுந்தாள், குளம் அவளை விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டது. ஆறரை, ஆறு, ஏழு, ஆறரை, ஆறு. பத்தொன்பது.

இதைவிட எங்களுக்கு எரிச்சல் மூட்டுகிற முடிவை யாரும் யோசித்திருக்க முடியாது. முப்பத்து நான்கு நாள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்கள், தட்டி அடித்து மாலை வாங்கி வைத்தவர்கள், சண்முகராஜைக் கவிதையாகத் திட்டிச் சுவரில் எழுதியவர்கள், எல்லாரும் விரல் விட்டு மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தோம். அந்தச் செயலாளரின் அண்ணன் மகள் உண்மையிலேயே ஒரு மார்க் அளவு நன்றாகக் குதிக்கிறவளாக இருந்து தொலைத்தாள். பிலோமி, ஈரப் புடவையோடு, கோயில்பிள்ளையின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஒரு மாசமா மடங்கிக் கெடந்த காலு மரத்துப் போயிருக்கும்னு ஒமக்குத் தெரியாதா? அதுக்கு ஒண்ணும் கூட்டிப் போட மாட்டீரா?"

"மரத்த காலுக்குன்னு தனியா மார்க் இல்லம்மா" என்றார் கோயில்பிள்ளை. அவர் கண் கலங்கியிருந்தது. "கால் வெரல் மடங்கிட்டு. அதை நான் பாத்துட்டேன். பாத்ததை இனி எப்படி இல்லன்னு சொல்ல?"

அது நியாயமா என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறோம். மரக்கவைத்தவர்களே மரத்த காலுக்கு மார்க் குறைப்பதா என்று ஒரு கட்சி கேட்கும். கூட்டிப் போட்டிருந்தால் அவள் மறுபடி மேலே ஏறியிருப்பாளே என்று மற்றக் கட்சி கேட்கும்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வர்ஷினி கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஜெனிட்டா இறால் கம்பெனிக்குப் போனாள். ஐஸ் தண்ணீர், ரப்பர் செருப்பு, தலைக்கு வலை. அம்மாவின் மேசையில் இடமில்லாமல், எதிர் வரிசையில் செல்வராணி அக்காவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"கடைசில எவ்ளவுட்டி போட்டாவ?" என்றாள் செல்வராணி, கையை நிறுத்தாமல்.

"ஆறுக்கா."

"ஆறா. அந்த ஆறுக்கா ஒரு மாசம் தலைகீழாத் தொங்குன? இங்க சேந்திருந்தா இந்நேரம் கை ஓடப் பழகியிருக்கும்."

"வெரல் மடங்கிட்டுக்கா. இல்லன்னா ஏழு."

"யாரு சொன்னா?"

"கோயில்பிள்ளை சார் சொன்னாரு. அவரு சொல்லதுக்கு முன்னாலயே, விழும்போதே எனக்குத் தெரிஞ்சுது."

செல்வராணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பாவப்படுவதா திட்டுவதா என்று அவளுக்குப் புரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த இறாலை எடுத்தாள். ஜெனிட்டாவும் எடுத்தாள். தலையைக் கிள்ளினாள், ஓட்டை உரித்தாள், நரம்பை இழுத்தாள், கண் முழுக்க இறாலில்தான் இருந்தது. மேசைக்கு அடியில் மட்டும், செருப்பைக் கழற்றிவிட்டு, ஈர சிமெண்டுக்கு ஒரு சாண் மேலே, வலது காலின் விரல்களை நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.